விஷத்தால் மூச்சுத் தசைகள் தளர்தல்: முற்குறிகளை அறியும் விதம்

வயலிலும் களத்திலும் குடியானவர்களுக்கு நேரும் பிராணாபாயங்களுள் சில, இரத்தப் பெருக்கோ எலும்பு முறிவோ இல்லாமல், வெளிப்பார்வைக்கு ஒன்றும் நடவாதது போலவே நேர்கின்றன. இரவில் களத்துமேட்டில் காவலுக்குப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். உடம்பில் காயம் ஒன்றும் தென்படுவதில்லை. சிறிது நேரத்தில் அவருடைய கண்ணிமைகள் கனத்துக் கீழே இறங்குகின்றன. தூக்கக் கலக்கம் தெளியவில்லை என்று எண்ணி வீட்டார் அவரை மறுபடியும் படுக்கச் சொல்லுகிறார்கள். பொழுது ஏறுவதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது. கட்டுவிரியன் தீண்டிய பலர் இவ்விதமே இறக்கின்றனர்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையுள்ள இருபது வருஷங்களில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷந்தோறும் சராசரி 58,000 பேர், மாண்டிருக்கக்கூடும் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடிப்பதால் நேரும் மரணத்துக்கு மூச்சுத் தசைகளின் தளர்ச்சியே முக்கிய காரணமாகும். பயிருக்குத் தெளிக்கும் சிலவகைப் பூச்சிமருந்துகளும் இதே தீங்கைச் செய்ய வல்லவை. இத்தளர்ச்சி திடீரென்று வருவதன்று. முன்னறிவிப்புகளுடன் படிப்படியாக வருவது. அவ்வறிவிப்புகளைக் கண்டுகொள்வதற்கு வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை. அருகிலிருப்பவர்கள் எவற்றைப் பார்க்கவேண்டும், எவற்றைக் கண்டு ஏமாறக்கூடாது என்பவற்றை இங்கு விவரிப்போம்.

மூச்சு நடைபெறும் விதம்

சுவாசப்பை தானாக விரிவதில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே திரைபோல் அமைந்த உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்குவதாலும், விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகள் மார்புக் கூட்டை உயர்த்துவதாலும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இத்தசைகளுக்கு மூளையிலிருந்து நரம்புகள் வழியாக ஓயாமல் கட்டளை வந்துகொண்டிருக்கவேண்டும். நரம்பின் நுனிக்கும் தசைக்கும் மத்தியில் மிக நுண்ணிய ஓர் இடைவெளி உண்டு. நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் அவ்விடைவெளியைக் கடந்து தசையைச் சேர்ந்தால்தான் தசை சுருங்கும்.

இதனை வாய்க்காலும் வயலின் மடையும் போலக் கருதலாம். நல்ல பாம்பின் விஷம் தசைப்பக்கத்து மடையை அடைத்துவிடுகிறது; வாய்க்காலில் நீர் வந்தும் வயலுக்குப் பாய்வதில்லை. கட்டுவிரியன் விஷமோ வாய்க்காலின் கரையையே, அதாவது நரம்பின் நுனியையே, அழித்துவிடுகிறது. அடைத்த மடையைத் திறத்தல் எளிது. அழிந்த கரையை மறுபடியும் எடுத்துக் கட்ட நாள் பிடிக்கும். கட்டுவிரியன் கடியில் விஷமுறிவு மருந்தை நேரத்தோடு செலுத்தவேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே. அம்மருந்து இரத்தத்தில் இன்னும் உலவும் விஷத்தை மாற்றுமேயன்றி, ஏற்கெனவே அழிந்துபோன நரம்பு நுனியை உயிர்ப்பிக்க வல்லதன்று.

இரண்டு பாம்புகள், இரண்டு விதக் கடி

நல்ல பாம்பு கடித்தால் பெரும்பாலும் கடிவாயில் வலியும் வீக்கமும் தோன்றும். கடிபட்டவர் பாம்பைக் கண்டிருப்பார். அதனால் வீட்டார் எச்சரிக்கை அடைகின்றனர். தளர்ச்சியும் சில நிமிஷங்கள் முதல் சில மணி நேரத்துக்குள் வெளிப்படும்.

கட்டுவிரியன் அவ்வாறன்று. கருநீல நிறமும் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கட்டுகளும் உள்ள இப்பாம்பு இரவில் நடமாடுவது. தரையில் படுத்து உறங்குகிறவர்களையே அதிகமாகத் தீண்டுகிறது. பல் மிகச் சிறியது. வீக்கம் பெரும்பாலும் இராது. வலி எறும்பு கடித்ததற்கு மேல் தோன்றாது. பலர் கடிபட்டதையே உணராமல் உறக்கத்தைத் தொடர்கின்றனர். சில மணி நேரம் சென்றபின் வயிற்றுவலி, வாந்தி, தொண்டை அடைப்பு, இமைக் கனம் ஆகியவை உண்டாகும். ஆதலால் தரையில் உறங்கியவர் இரவிலோ விடியற்காலையிலோ காரணமறியாத வயிற்றுவலியுடன் எழுந்து, அவருடைய இமைகளும் தொங்கினால், கடித்த குறி இல்லாவிடினும் கட்டுவிரியன் தீண்டியதாகவே கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தளர்ச்சி மேலிருந்து கீழே இறங்கும்

இவ்விஷங்களால் உண்டாகும் தளர்ச்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருகிறது. முதலில் கண்ணிமைகள், அடுத்து விழியை அசைக்கும் தசைகள், இதனால் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும், பிறகு முகமும் தாடையும், பிறகு நாக்கும் தொண்டையும், இதனால் பேச்சுக் குழறும், குரல் மூக்கால் வரும், உமிழ்நீர் விழுங்கப்படாமல் வாயில் தேங்கும், பிறகு கழுத்து, அதன்பின் மூச்சுத் தசைகள். கையும் காலும் ஓரளவு பலத்துடன் இருக்கும்போதே மூச்சுத் தளர்வதும் உண்டு. நோயாளி நடக்கிறாரே, கையைப் பிடித்தால் இறுக்குகிறாரே என்று தைரியங்கொள்வது தவறு. அவருடைய பலத்தைக் கைகாலில் அளக்கலாகாது. கண்ணிலும் தொண்டையிலும் கழுத்திலும் அளக்கவேண்டும்.

அருகிலிருப்பவர் செய்யக்கூடிய சோதனைகள்

கீழ்க்கண்ட சோதனைகளுக்குக் கருவி எதுவும் வேண்டாம். வண்டி வரும்வரையிலும், வழியிலும், 10 அல்லது 15 நிமிஷத்துக்கு ஒருமுறை இவற்றைச் செய்து, கண்டதை நேரத்துடன் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வது வைத்தியருக்குப் பேருதவியாகும். ஆனால் இச்சோதனைகளுக்காகப் பயணத்தைத் தாமதப்படுத்தலாகாது.

1. இமை. தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே பார்க்கும்படி சொல்லவேண்டும். இமைகள் விழியோடு மேலே செல்லாவிட்டாலும், சிறிது நேரத்தில் மெல்ல இறங்கிவிட்டாலும் தளர்ச்சி தொடங்கிவிட்டது என்று அறியலாம். பார்ப்பதற்காக நெற்றியைச் சுருக்குவதும் முகவாயைத் தூக்குவதும் இதே குறியாகும்.

2. வாயும் நாக்கும். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லவேண்டும். தாடை முழுதும் திறவாமலும், நாக்குப் பற்களைத் தாண்டாமலும் இருந்தால் தளர்ச்சி இறங்கி வருகிறது. விழுங்கும் சக்தியை அறிவதற்காகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கவே கூடாது. அது மூச்சுக் குழாயில் சென்றுவிடும்.

3. கழுத்து. மல்லாந்து படுத்த நிலையில் கைகளை ஊன்றாமல் தலையை மட்டும் தூக்கிச் சில விநாடி நிறுத்தச் சொல்லவேண்டும். தூக்க முடியாவிட்டால், அல்லது உட்கார்ந்திருக்கையில் தலை முன்னோ பின்னோ சாய்ந்து விழுந்தால், மூச்சுத் தசைகளின் முறை அணுகிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

4. ஒரே மூச்சில் எண்ணுதல். நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, இடையில் மூச்சு வாங்காமல் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொல்லவேண்டும். திடகாத்திரமானவர் பெரும்பாலும் முப்பதுக்கு மேல் எளிதாக எண்ணுவார். இருபதைத் தொட முடியாவிடில் அபாயம் நெருங்கியிருக்கிறது. எண்ணும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுமாதலால், நல்ல நிலையிலுள்ள ஒருவர் அதே வேகத்தில் கூடவே எண்ணி ஒத்துப்பார்ப்பது நல்லது. முதல் தடவை எட்டிய எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். முதலில் முப்பது, அடுத்து இருபத்தாறு, அதற்கடுத்து இருபது என்று குறைந்து வருமானால், நோயாளி எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் நிலைமை மோசமாகிறது என்பது நிச்சயம்.

5. மார்பும் வயிறும். நலமாயிருப்பவர் மூச்சை இழுக்கும்போது வயிறும் மார்பும் கூடவே உயரும். உதரவிதானம் தளர்ந்துவிட்டால் மார்பு உயரும்போது வயிறு உள்ளே ஒடுங்கும். கழுத்து நரம்புகள் புடைத்துத் தோள்கள் ஏறி இறங்குவதும், மூச்சு மேலோட்டமாகவும் அடிக்கடியும் வருவதும், இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கிப் பேசுவதும், இருமினால் ஓசை எழாமலிருப்பதும் இதனோடு சேர்ந்த குறிகள்.

சிறு குழந்தைகளிடம் எண்ணும் சோதனை பயன்படாது. அழுகைக் குரல் மெலிதல், பால் உறிஞ்ச மாட்டாமை, தலை நிற்காமல் சாய்தல், கடைவாயில் உமிழ்நீர் வழிதல் ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும்.

ஏமாற்றும் தோற்றங்கள்

மூச்சுத் தசை தளர்ந்தவர் ஆஸ்துமாக்காரரைப் போல இளைத்துத் தவிப்பதில்லை. தவிப்பதற்கும் தசையில் பலம் வேண்டுமல்லவா? அவர் வரவர அமைதியாகிறார். அந்த அமைதியைக் குணமென்று வீட்டார் நினைக்கின்றனர். கண் மூடியிருப்பதைத் தூக்கமென்றும், குழறும் பேச்சைக் குடிமயக்கமென்றும் எண்ணி விட்டுவிடுவதாலும் உயிர்ச்சேதம் நேர்கிறது. காரணமறியாமல் நாக்குக் குழறி இமை தொங்கும் ஒருவரை, சாராய வாடை வீசினாலும்கூட, சோதியாமல் விடுதல் தகாது.

விரலில் மாட்டி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டும் சிறு கருவியை இப்போது கிராமங்களிலும் காண்கிறோம். அது 97, 98 என்று காட்டுவதைக் கொண்டு ஆறுதலடையலாகாது. தசை வெகுவாகத் தளர்ந்த பின்னரே அவ்வெண் இறங்கும். பிராணவாயு செலுத்திக்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகும். உதடும் நகமும் நீலம் பாரிப்பது அதனினும் பிந்திய குறி. எண் இறங்குவதற்குக் காத்திருப்பவர் நேரத்தை இழந்துவிடுகிறார்.

தளர்ச்சி முற்றிய நோயாளியின் இமைகள் மூடி, கைகால் அசையாமல், விழிப்பாவைகள் விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருக்கக்கூடும். பார்ப்பவர்கள் உயிர் போய்விட்டது என்பார்கள். ஆயினும் அவருடைய அறிவு தெளிவாயிருந்து, சுற்றிலும் பேசுவதெல்லாம் காதில் விழுந்துகொண்டிருக்கலாம். இந்நிலையிலிருந்தும் மனிதர்கள் பிழைத்தெழுந்திருக்கின்றனர். ஆகையால் வைத்தியர் பார்க்குமுன் எவரும் கைவிடுதலும் கூடாது. அவர் காது கேட்க ஒப்பாரி வைத்தலும் கூடாது.

பூச்சிமருந்தினால் வரும் தளர்ச்சி

குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட் முதலிய ஆர்கனோபாஸ்பரஸ் இனத்துப் பூச்சிமருந்துகள், தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ வாய் வழியாகவோ உடலில் மிகுதியாகச் சேர்ந்தால், நரம்புக்கும் தசைக்கும் இடையே அசிட்டைல்கோலின் வடியாமல் தேங்கிவிடுகிறது. நீர் தேங்கிய வயலில் பயிர் அழுகுவதுபோலத் தசை முதலில் துடித்துப் பின்பு ஓய்கிறது. உமிழ்நீர், வியர்வை, கண்ணீர் பெருகுதல், வாந்தி, பேதி, விழிப்பாவை ஊசிமுனைபோல் சுருங்குதல், மார்பு இறுக்கம் ஆகியன முதல் குறிகள். 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளிலும் கூலியாட்களிலும் 20 பேருக்குக் குறையாமல் இறந்த செய்தி தேசமெங்கும் பேசப்பட்டது.

இங்கே முக்கியமாகச் சொல்லவேண்டியது யாதெனில், முதல் அபாயம் நீங்கியபின் இரண்டாவது அபாயம் ஒன்று வரக்கூடும் என்பதே. ஆஸ்பத்திரியில் அட்ரோபின் முதலிய மருந்துகளால் தெளிந்த நோயாளிக்கு, விஷம் உட்சென்ற 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்து, தோள், இடுப்பு, மூச்சு ஆகியவற்றின் தசைகள் தளர்வதுண்டு. இலங்கை வைத்தியர்களான சேனாநாயக்கவும் காரலியத்தயும் இத்தகைய பத்து நோயாளிகளைப் பற்றி 1987-ல் எழுதியதிலிருந்து இது தனியொரு நிலையாக அறியப்பட்டு வருகிறது. இதற்கு அட்ரோபின் பயன்படாது. தசைகள் மீளும்வரை செயற்கையாக மூச்சுக் கொடுப்பதே வழி. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமை இதன் மிக முந்திய குறியாகும்.

இதை அறியாமல், நோயாளி தெளிந்துவிட்டார், வீட்டில் வேலை கிடக்கிறது என்று இரண்டாம் நாளே வற்புறுத்தி அழைத்துவருபவர்கள் பெருந்தவறு செய்கின்றனர். வைத்தியர் விடைகொடுக்கும்வரை நோயாளியை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதும், காலையும் மாலையும் தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதும், சிறு தளர்ச்சி கண்டாலும் உடனே தாதியிடம் தெரிவிப்பதும் உறவினர் கடமையாகும்.

வழியில் செய்யவேண்டியவையும் செய்யத்தகாதவையும்

பாம்பு கடித்தவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல மட்டையில் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, 108 ஆம்புலன்ஸிலோ கிடைத்த வண்டியிலோ உடனே கொண்டுசெல்லவேண்டும். இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சுடுதல், பச்சிலை அரைத்துக் கொடுத்தல் யாவும் தீங்கானவை. யாரேனும் முன்பே இறுகக் கட்டியிருந்தால் அதை வழியில் திடீரென்று அவிழ்க்காமல் வைத்தியரிடம் விடவேண்டும். பாம்பைத் தேடிக் கொல்வதில் நேரத்தைப் போக்கலாகாது.

பூச்சிமருந்து பட்டவரின் உடைகளைக் களைந்து, உடம்பையும் தலைமயிரையும் சோப்பிட்டு நீரால் கழுவவேண்டும். கழுவுபவர் கையுறை அணிவது அவசியம். மருந்துப் புட்டியின் சீட்டை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

எவ்வகை விஷமாயினும், இமையும் தொண்டையும் தளர்ந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கலாகாது. மல்லாக்கப் படுக்கவைக்காமல் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் தேங்கும் உமிழ்நீர் வெளியே வடியும்படி செய்யவேண்டும். மூச்சு நின்றுவிட்டால், அல்லது நிற்கும் தறுவாயிலிருந்தால், பழகியவர் முகமூடிப் பையைக் கொண்டு ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை காற்றுச் செலுத்திக்கொண்டே ஆஸ்பத்திரி சேரவேண்டும். பாம்புக் கடியில் பை இல்லாவிடில் வாயோடு வாய் வைத்து ஊதலாம். 1952-ல் கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவி மூச்சுத் தசைகள் ஓய்ந்தபோது, டாக்டர் இப்சனின் யோசனைப்படி மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையாலேயே பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினர். தசை ஓய்ந்தது மரணமன்று; அது மீளும்வரை மூச்சு கொடுப்பாரின்றிப் போவதே மரணம்.

எந்த ஆஸ்பத்திரிக்கு?

நால்வகைக் கொடிய பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவான முறிவு மருந்து இந்தியாவில் தயாராகிறது. இதற்கு வேண்டிய விஷத்தை 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள வடநெம்மேலியில் எடுத்து அனுப்புகின்றனர். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே. ஏனெனில் அளவு விஷத்தைப் பொறுத்தது, உடல் எடையைப் பொறுத்ததன்று.

ஆனால் மூச்சுத் தசை தளரும் நோயாளிக்கு அம்மருந்து மாத்திரம் போதாது. குழாய் வைத்துச் செயற்கைச் சுவாசக் கருவியில் நாட்கணக்கில், சிலபோது வாரக்கணக்கில், வைத்துக் காக்கவேண்டும். ஆகவே அருகிலுள்ள நிலையத்தில் மருந்தைத் தொடங்கிக்கொண்டு, சுவாசக் கருவியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் தளர்ச்சி முற்றுமுன் சேரவேண்டும். இமை தொங்கும்போது புறப்பட்டால் போய்ச் சேரலாம். கழுத்துச் சாய்ந்தபின் புறப்படுவது வழியிலேயே முடிந்துவிடக்கூடும். குறி ஒன்றும் காணாவிடினும் கட்டுவிரியன் கடி என்ற சந்தேகமிருந்தால் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு

தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2024 நவம்பரில் பாம்புக் கடியை, 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், தகவல் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தனர். கணக்குச் சரியாயிருந்தால்தான் மருந்து வேண்டிய இடத்துக்கு வந்துசேரும். ஆதலால் கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்தாரும் ஆஸ்பத்திரியை எட்டாமல் நேர்ந்த மரணங்களையும் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிப்பது நலம். விஷமுறிவு மருந்து எந்நிலையத்தில் இருக்கிறது, சுவாசக் கருவி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, இரவில் போகும் வழி எது என்பவற்றை அறுவடைக் காலத்துக்கு முன்பே விசாரித்துப் பஞ்சாயத்துச் சாவடியில் எழுதி ஒட்டலாம். ஊரில் இரண்டு மூன்று வாலிபர்களையாவது மூச்சு ஊதும் முறையில் பழக்கிவைப்பது செலவில்லாத நற்பணியாகும்.

நிலச்சுவான்தார்கள் களத்தில் காவல் படுப்பவர்களுக்குக் கட்டிலும் கொசுவலையும் கொடுக்கவேண்டும். நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடந்த ஓர் ஆராய்ச்சி, வலைக்குள் உறங்குபவர்களுக்குப் பாம்புக் கடி குறைவு என்று காட்டியிருக்கிறது. வலையின் ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகுவது முக்கியம். நெற்போரும் விறகும் படுக்கைக்கு அருகில் இராமலும், எலி பெருகாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். இரவில் நீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு விளக்கும் முழங்கால்வரை வரும் செருப்பும் அவசியம். மருந்து தெளிப்பவர்களுக்குக் கையுறை, முகமூடி, குளிக்க நீர் ஆகியவற்றைக் கொடுத்து, காற்றுக்கு எதிராகத் தெளிக்காதபடி கவனித்துக்கொள்ளவேண்டும்.

மேலே கூறியவற்றுள் குடியானவர்கள் முக்கியமாக நினைவில் வைக்கவேண்டியவை: இமை தொங்கினால் தூக்கமென்று விடாமல் உடனே புறப்படவேண்டும், எண்ணிக்கை குறைந்தால் விரையவேண்டும், கழுத்து நில்லாவிட்டால் மூச்சுக் கொடுக்கத் தயாராகவேண்டும், அசையாமல் கிடப்பவரையும் வைத்தியர் பார்க்குமுன் கைவிடலாகாது. இவற்றை வீட்டிலுள்ள பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் பண்ணையாட்களுக்கும் படித்துக் காட்டுவது ஒவ்வொரு குடும்பத் தலைவருடைய கடமையாகும்.